செத்த காலேஜ்

சென்னைவாசிகள் ஒரு காலத்தில் எழும்பூர்ப் பொருட்காட்சி சாலையைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக் காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் வழங்கி வந்தார்கள். இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவைதாம். 1851-ல் தோன்றிய பொருட்காட்சி சாலையின் முதல் தலைவர் டாக்டர் எட்வர்ட் பால்பர், 1855-ல் உயிருள்ள மிருகங்களையும் அங்கே வைத்தார். உயிர் காலேஜ் பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-ல் வண்டலூர் சேர்ந்தது. செத்த காலேஜ் எழும்பூரிலேயே நிலைத்துவிட்டது.

சென்ற மாதம் நமது வகுப்புப் பிள்ளைகளுடன் அங்கே சென்றிருந்தோம். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டின் முன் வாய் பிளந்து நின்றவர்கள், கிளிஞ்சல் பெட்டிகளுக்கு வந்ததும் அலுத்துக்கொண்டார்கள்.

"ஸார், நம் பள்ளிக்கூட அலமாரியில் இதைவிட அழகான கிளிஞ்சல்கள் இருக்கின்றனவே!" என்றான் ஒரு சிறுவன்.

நமக்குச் சுருக்கென்றது. அழகானவைதாம். பல வருஷங்களாகப் பிள்ளைகள் விடுமுறைக்குச் சென்ற கரைகளிலிருந்து பொறுக்கி வந்தவை. ஆனால் எது ராமேசுவரத்தது, எது திருச்செந்தூரது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. சீட்டு எழுதி வைக்க நாம் சோம்பிவிட்டோம். ஊரும் தேதியும் இல்லாத கிளிஞ்சல் விளையாட்டுச் சாமான். அவ்விரண்டும் உள்ளதோ சாட்சி.

அத்தகைய சாட்சிகளைக் கொண்டே இச்சாலையில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி 1927-ல் ஒரு நூல் வெளிவந்தது. சென்னையின் பூக்கும் செடிகளை 1929-ல் மயூரநாதன் வரிசைப்படுத்தினார். சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் கிளிஞ்சல்களைப் பற்றி 1941-லும் 1942-லும் கிரேவ்லி எழுதினார். அன்றிருந்தவற்றில் இன்று எவை எஞ்சின, எவை மறைந்தன என்று அறிய வேண்டுமானால் இவற்றைத்தான் புரட்ட வேண்டும். கிரேவ்லி கடல் கடந்து வந்தவர். அவருக்கிருந்த சிரத்தை இந்தக் கரையிலேயே பிறந்த நமக்கு வேண்டாமா?

திரும்பி வந்ததும் பழைய கிளிஞ்சல்களைச் சின்ன வகுப்புக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டோம். அலமாரி காலியாயிற்று. அடுத்த திங்களன்று அதே சிறுவன் ஒரு சிறு கிளிஞ்சலைக் கொண்டு வந்தான். அத்துடன் ஒரு சீட்டு: 'திருவான்மியூர், ஞாயிற்றுக்கிழமை காலை.' தேதி எழுத மறந்திருந்தான். அதையும் எழுதச் செய்து, அலமாரியில் முதலாவதாக வைத்தோம்.