அனுமதியை மறுத்தவர் யார்?

'அனுமதி மறுக்கப்பட்டது.' கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் இரண்டே சொற்களில் சொல்வதைத் தமிழில் இப்படித்தான் பெயர்க்கிறோம். இலக்கணப்படி குற்றமில்லை. ஆனாலும் தமிழ் படித்தவனுக்கு இந்தச் செயப்பாட்டு வினை உறுத்தும். மறுத்தது யார்? யாருக்கு மறுத்தார்? எதைச் செய்வதற்கு? மூன்றுக்கும் வாக்கியத்தில் விடை கிடையாது. 'தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்று அலுவலகத்திலிருந்து வரும் ஓலையின் ரகம் இது. மனுதாரர் அடுத்து எந்த ஜன்னலுக்குப் போவது என்று தெரியாமல் நிற்க வேண்டியதுதான்.

2011-ல் இந்த வாக்கியத்தின் எழுவாயைத் தேடி இரண்டு இரவுகள் செலவாயின.

டில்லியில் செய்திகளை மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு அப்போது இன்னொரு பொறுப்பும் இருந்தது. இந்திய மொழிகளின் மொழிபெயர்ப்பாளர்களுக்கான ஒரு மடற்குழுவை நானும் ஒரு நண்பரும் கவனித்துவந்தோம். தமிழ், மலையாளம், மராத்தி, ஒடியா, அசாமி என்று பல மொழிக்காரர்கள் அதில் இருந்தார்கள். ஒருவர் எழுதும் மடல் எல்லோருக்கும் போகும். ஒரு பிரதி சர்வரில் சேமிக்கப்படும். அந்தச் சேமிப்பை உறுப்பினர்கள் மட்டும் கடவுச்சொல் கொடுத்துப் படிக்கலாம்.

மடல்களில் பாதி, சரியான சொல்லுக்கான சண்டை. மீதிப் பாதியைத்தான் பூட்டி வைக்க வேண்டியிருந்தது. பக்கத்துக்கு என்ன கொடுக்கிறார்கள், யார் இரண்டு வருடமாகப் பணம் பாக்கி, ஒப்பந்தத்தில் எந்த வரியைப் பார்த்தால் கையெழுத்துப் போடக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். போபாலைச் சேர்ந்த ஒரு பெண், தான் செய்த மொழிபெயர்ப்பு வேறொருவர் பெயரில் அச்சாகிவிட்டதைப் பதிப்பகத்தின் பெயரோடு எழுதி, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். வீட்டில்கூட அதைச் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தார்.

அதுவரை குழு, ஒரு நண்பரின் அலுவலகத்தில் அதற்கென்றே இருந்த பழைய கம்ப்யூட்டரில் ஓடியது. அலுவலகம் மூடப்பட்டதால், பல அமைப்புகள் வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு சர்வருக்கு மாறினோம். உறுப்பினர் பட்டியல் முதலில் போனது. ஏழு வருடச் சேமிப்பு கடைசியாக, தனியாகப் போனது. மடல்கள் ஒழுங்காகப் போய்வந்தன. நான்காம் நாள் குவஹாத்தியிலிருந்து ஓர் உறுப்பினர் கேட்டார்: "பழைய மடல்கள் எல்லாம் இருக்கின்றன. இந்த வாரத்து மடல் ஒன்றுகூடச் சேமிப்பில் இல்லையே?"

சர்வரின் பதிவேட்டைத் திறந்தால் வரிக்கு வரி அதே வாக்கியம். பக்கத்தில் பிழை எண் 13.

யூனிக்ஸ் குடும்பத்தில் பிறந்த எந்தக் கம்ப்யூட்டரிலும், லினக்ஸ் உட்பட, ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று வகை மனிதர்கள் உண்டு: உரிமையாளர், அவருடைய குழு, மற்றவர்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று உரிமைகள்: படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. 'படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம்' என்று மூவருக்குமே கொடுத்தால் 777. கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-ல் தொடங்கிய யூனிக்ஸ் வழிவந்த இந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை.

சர்வரைப் பராமரித்தவர் புனேயைச் சேர்ந்த ஓர் இளைஞர். தொலைபேசியில், "777 போட்டுவிடலாம் சார், ஒரு நிமிட வேலை" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தப் பிழைக்கு உலகம் முழுவதும் முதலில் சொல்லப்படும் நாட்டு மருந்து அதுதான். போட்டவுடன் கேட்கும்.

"கடைசி 7 யாருக்கு?" என்று கேட்டேன்.

"மற்றவர்களுக்கு, சார்."

"அந்தக் கம்ப்யூட்டரில் மற்றவர்கள் என்றால் யார் யார்?"

அவர் கணக்கு வைத்திருப்பவர்களின் பட்டியலைப் படித்தார். ஏழு அமைப்புகள். மூன்றாவது, ஒரு பதிப்பகம். போபால் மடலில் இருந்த பதிப்பகம் அது இல்லைதான். இருந்தாலும் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. 777 என்ற பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

அதன் பிறகுதான் அந்த ஃபைல்கள் யாருடையவை என்று பார்த்தோம். உரிமையாளர் இடத்தில் 'நாட்ஸ்' என்று இருந்தது. மென்பொருள்களின் குறைகளைப் பதிவு செய்யும் ஒரு பழைய குனூ மென்பொருளின் பெயர் அது. நாங்கள் அதைப் பயன்படுத்தியதே இல்லை.

விஷயம் இதுதான். ஃபைலின் மீது கம்ப்யூட்டர் எழுதி வைப்பது உரிமையாளரின் பெயரை அல்ல, எண்ணை. நாங்கள் பயன்படுத்திய மடற்குழு மென்பொருள் மெயில்மேன். பழைய கம்ப்யூட்டரில் இருந்தது ரெட் ஹாட் லினக்ஸ். அங்கே மெயில்மேனின் எண் 41. புதியதில் டெபியன் லினக்ஸ். இங்கே மடற்குழுக்களுக்கான பயனாளரின் பெயரும் வேறு, எண்ணும் வேறு: 38. நகல் எடுக்கும் நிரல் பெயரைத் தேடியது. கிடைக்காததால் எண்ணை அப்படியே எழுதியது. டெபியனில் அன்று 41 என்றால் நாட்ஸ். ஏழு வருடப் பத்திரங்கள் ஒரே இரவில் முன்பின் தெரியாதவர் பெயருக்கு மாறிவிட்டன. மெயில்மேன் தன் வீட்டு வாசலிலேயே 'மற்றவர்' ஆகி நின்றது. அதனால் பழைய மடல்களைப் படிக்க முடிந்தது. புதியதை எழுத முடியவில்லை. கம்ப்யூட்டர் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தது.

தீர்வு சிறியது. ஃபைல்களின் உரிமையையும் குழுவையும் 38-க்கு மாற்றினோம். குழுவுக்கு எழுதும் உரிமை இருக்கிறதா என்று பார்த்தோம். ஃபோல்டர்களில் 'எஸ்' என்ற ஓர் எழுத்து இருக்க வேண்டும். அது இருந்தால் இனி அதற்குள் பிறக்கும் ஃபைல்களும் அதே குழுவைச் சேரும். இவற்றையெல்லாம் சரிபார்க்க மெயில்மேனிலேயே 'செக் பெர்ம்ஸ்' என்ற சிறு நிரல் உண்டு. தவறு ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை அதைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும்.

அந்த நிரல் நாங்கள் எதிர்பாராத ஓர் எச்சரிக்கையையும் தந்தது. தனிப்பட்ட சேமிப்பின் ஃபோல்டரில் 'மற்றவர்கள்' நுழையும்படி வழி இருக்கிறது. பலர் பகிரும் கம்ப்யூட்டர் என்றால் கவனிக்கவும் என்றது. பழைய இடத்தில் அந்த வழியால் ஆபத்தில்லை; அங்கே மற்றவர்கள் என்று யாரும் இல்லை. இங்கே குழுவின் பெயர் தெரிந்த எந்தக் கணக்குக்காரரும் ஃபைலின் முகவரியை ஊகித்து, கடவுச்சொல் இல்லாமலே படித்திருக்கலாம். போபால் மடல் நான்கு நாட்கள் அப்படித்தான் கிடந்தது. அந்த ஃபோல்டரை இணையதளத்தை இயக்கும் நிரலின் பெயருக்கு மாற்றி, மற்றவர்களின் வழியை அடைத்தோம்.

எழுதப்படாத மடல்களும் தொலையவில்லை. கையாள முடியாத மடலை மெயில்மேன் ரயில்வே பாணியில் 'ஷண்ட்' செய்து, தனி வரிசையில் ஒதுக்கி வைக்கிறது. 57 மடல்கள் அங்கே காத்திருந்தன. பிந்தைய 2.1 பதிப்புகளில், ஏழு நாள் தாண்டினால் அந்த வரிசையைக் காலி செய்யும் ஏற்பாடும் உண்டு. எங்களுக்கு அது ஐந்தாம் நாள். 'அன்ஷண்ட்' என்று ஓட்டியதும் மடல்கள் ஒவ்வொன்றாகச் சேமிப்புக்குள் போய் உட்கார்ந்தன. எது எங்கே நின்றது என்ற குறிப்பும் கூடவே இருப்பதால், உறுப்பினர்களுக்கு இரண்டாம் முறை போகவில்லை.

பழைய மெயில்மேன் நம்பியிருந்த பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது. 2015-ல் வெளிவந்த மெயில்மேன் 3 வேறு விதமாகக் கட்டப்பட்டது. ஆனால் பிழை எண் 13 எங்கும் போய்விடவில்லை. யாராவது அதோடு என்னைத் தேடி வந்தால் மூன்று கேள்விகள் கேட்கிறேன். கதவைத் தட்டுவது எந்தப் பயனாளர்? அந்த ஃபைலும், அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டரும் யார் பெயரில் இருக்கின்றன? அந்தக் கம்ப்யூட்டரில் வேறு யார் குடியிருக்கிறார்கள்?

முதல் இரண்டுக்கும் விடை திரையிலேயே கிடைக்கும். மூன்றாவதற்கு, ஃபைலுக்குள் என்ன இருக்கிறது, எழுதியவர் யாரை நம்பி எழுதினார் என்பது தெரிந்திருக்க வேண்டும். போபால்காரருக்கு இந்த நான்கு நாள் கதையை மறுநாளே எழுதிவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. அதைத் தனி மடலாக அனுப்பாமல், குழுவுக்கே அனுப்பியிருந்தார்.