பாசி கற்பித்த பாடம்

பாசி என்றவுடன் வழுக்கி விழுவதுதான் நம் நினைவுக்கு வரும். எங்கள் விலங்கியல் துறையின் கடல்நீர்த் தொட்டியால் நானும் ஒரு முறை வழுக்கி விழுந்தேன். வழுக்கியது கால் அன்று, அறிவு.

தொட்டி பெரிதன்று. 3 அடி நீளம். ஏறத்தாழ 180 லிட்டர் கடல்நீர் கொள்ளும். அடியில் துளைகளிட்ட தட்டு, அதன்மேல் பருமணல், சில கருங்கற்கள், 7 நீல டாம்செல் மீன்கள். காற்றுக்குழாய் நீரை மணலின் ஊடே இழுத்து மேலே அனுப்பும். இரண்டாம் ஆண்டில் பேராசிரியர் அதன் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தபோது, ஒரு சமஸ்தானமே கைக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

நண்பகல் இடைவேளையில் நண்பர்கள் மீன் பார்க்க வருவார்கள். தீனியைத் தூவினால் மீன்கள் துள்ளி மேலே வரும். நண்பர்கள் வியப்பார்கள், எனக்குப் பெருமை பிடிபடாது. நாளுக்கு ஒரு வேளைத் தீனி ஐந்து வேளையாயிற்று. மிஞ்சியது மணலில் அழுகியது. ஒரு மாதத்தில், நீரோட்டம் குறைந்த மூலையில் செந்நிறப் பாசி ஈரத்துணி விரித்தாற்போல் மணலை மூடியது. பகலில் அதன்மேல் முத்து முத்தாய்க் குமிழிகள் நிற்கும். தொட்டால் ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். சில நாளில் மீண்டும் படரும்.

அறிவியல் கண்காட்சிக்கு மூன்றே நாட்கள் இருந்தன. யாரையும் கேளாமல் மீன்களை வாளிக்கு மாற்றினேன். மணலையும் கல்லையும் வெளியே கொட்டி, கலங்கல் நிற்கும்வரை குழாய்த் தண்ணீரில் கழுவினேன். கண்ணாடியைத் தேய்த்து, புதுக் கடல்நீர் நிரப்பினேன். கண்காட்சியன்று தொட்டி பளிங்காய் மின்னியது. பார்த்தவரெல்லாம் பாராட்டினர். வந்தவர்க்கெல்லாம் தீனி தூவிக் காட்டினேன்.

மறுநாள் காலை நீர் கஞ்சித் தண்ணீர்போல் வெளுத்திருந்தது. மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து திணறின. மாலைக்குள் ஐந்து மீன்கள் செத்து மிதந்தன.

ஆய்வக உதவியாளர் அண்ணன் வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பார் என்று சிலர் முடிவு கட்டினர். பேராசிரியரும் அவரைக் கடிந்துகொண்டார். "நான் தொடவே இல்லீங்க ஐயா" என்றார் அவர். நான் அருகில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. அன்றிரவு உறக்கம் வரவில்லை.

காலையில் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். பேராசிரியர் முதலில் உதவியாளரை அழைத்து, எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தார். பிறகு என்னை அமர வைத்து விளக்கினார்.

மீனின் கழிவும் அழுகிய தீனியும் அம்மோனியாவைத் தரும்; அது மீனுக்கு நஞ்சு. மணலில் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அந்த நைட்ரைட்டும் நஞ்சே. மற்றொரு வகை அதனைக் கேடு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். கண்ணுக்குத் தெரியாத இக்குடும்பம் ஒரு தொட்டியில் குடியேறி நிலைக்கப் பல வாரங்கள் ஆகும். உப்பில்லாத, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரால் அரை மணி நேரத்தில் நான் அழித்தது அதைத்தான்! மிஞ்சிய தீனியை உண்டு பல்கிய வேறு பாக்டீரியாக்களே அந்த வெண்கலங்கல். மீன்களுக்குரிய ஆக்சிஜனை அவை பறித்துக்கொண்டன.

செம்பாசியும் மெய்யான பாசியன்று; சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர். "எரித்ரோமைசின் மாத்திரை போட்டால் ஒழியாதா, ஐயா?" என்றான் ஒரு நண்பன். "ஒழியலாம். நல்லவற்றையும் சேர்த்து ஒழித்துவிடலாம். தீனி குறையாவிட்டால் பாசி திரும்ப வரும்" என்றார்.

பிழைத்த இரண்டு மீன்களுக்காகப் போராட்டம் தொடங்கிற்று. நாள்தோறும் கால் பங்கு நீரை மாற்றினோம். காற்றுக் கற்களைக் கூட்டி, ஒன்றை அந்த மூலைக்கே திருப்பினோம். இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே தீனி. விளக்கு 8 மணி நேரம் மட்டும். ஆவியான அளவுக்கு நன்னீர் மட்டுமே ஊற்றினோம். ஆவியாவது நீர்தானே, உப்பு அன்றே! செம்பாசி தலைகாட்டியபோது சிறு குழாயால் உறிஞ்சி வெளியேற்றினேன். ஆறாம் வாரம் நீர் தெளிந்தது. இரண்டு மீன்களும் பிழைத்தன.

எங்கள் தொட்டிக்குக் கடல்நீர் தரும் மன்னார் வளைகுடாவிலும் 2019ஆம் ஆண்டு இப்படியொரு துயரம் நிகழ்ந்தது. நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாயிற்று. நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின, பவளங்களும் மடிந்தன. தொட்டியைக் கழுவிவிடலாம், கடலை எந்தக் குழாயடியில் கழுவுவது?

கண்ணை உறுத்துவதைத் துடைத்துவிட்டால் தூய்மை வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். உறுத்தியது பாசி, அதற்கு உணவிட்டதோ என் கை. அந்தக் கையைப் பற்றி நான் எண்ணவேயில்லை.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "சரி விடுங்க தம்பி. இனிமே தீனி டப்பா எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

இன்றும் அது அவருடைய அலமாரியில்தான் இருக்கிறது. காலையில் ஒரு சிட்டிகை வாங்கிச் செல்கிறேன். மூலையில் உள்ளங்கையளவு செம்மை இன்னும் உண்டு. அதைக் கண்டால் எனக்கு இப்போது சினம் வருவதில்லை. முந்தின நாள் எவ்வளவு தூவினேன் என்ற நினைவே வருகிறது.