துரையின் மேசையும் லயத்து அடுப்பும்

பன்றித் தொடையை உப்பிலே ஊறவைத்து, புகையிலே பதப்படுத்தி, மெல்லிய இதழ்களாகச் சீவி, அவ்விதழ்களைப் போஞ்சிக்காயின் மீதோ லீக்ஸ் தண்டின் மீதோ சுற்றிப் போறணையில் வாட்டி எடுக்கும் பண்டம் ஒன்று உண்டு. பக்கத்திலே இனிப்பான குழம்பு ஒன்றும், உப்பும் மிளகுமான குழம்பு ஒன்றும் வைப்பார்கள். ஹட்டன் மலைகளில் வாழும் நம்மவரிற் பெரும்பாலோர் இதனை உண்டதில்லை. ஆனால் இதனைச் சமைத்தவர்களுள் நம்மவர் பலர். இந்தச் சிறிய முரண்பாட்டினுள்ளே தோட்டத்துச் சரித்திரத்தின் ஒரு பகுதி முடங்கிக் கிடக்கிறது. ஆகவேதான் இலக்கணமும் செய்யுளும் கற்பிக்கும் ஆசிரியன் ஒருவன் குசினிக்குள் நுழையத் துணிந்தேன்.

என் தாயாரின் தந்தை பன்னிரண்டு வயதிலே ஒரு பங்களாக் குசினியிற் பாத்திரம் கழுவச் சேர்ந்தவர். பின்னர் பங்களா அப்பு ஆனார். தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. எல்லாத் தோட்டங்களிலும் அதே பங்களா, அதே குசினி, அதே பின்வாசல். எழுத்தறியாதவர். துரைசானி ஆங்கில நூலைப் பார்த்து ஒரு முறை வாசித்துக் காட்டினால், மறு முறை கேட்கமாட்டார்.

ஹாம் சமையலை அவர் எனக்குச் சொல்லித் தந்த விதம் இன்றும் என் காதில் ஒலிக்கிறது. போஞ்சியின் நாரை உரித்துக் கொதிநீரிற் போட்டு, அரை வேக்காட்டில் எடுத்து, உடனே பீலித் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். அப்போதுதான் பச்சை நிறம் நிற்கும். எட்டுப் பத்துக் காய்களை ஒரு கட்டாகச் சேர்த்து, ஒரு ஹாம் இதழால் இறுக்கிச் சுற்றி, இதழின் முனை அடியிற் படும்படி தட்டில் அடுக்க வேண்டும். சூட்டிலே பன்றிக் கொழுப்பு உருகிக் காயின் மேல் இறங்கும். காயின் ஈரமோ இறைச்சியைக் காயவிடாமற் காக்கும். “காய்க்கு உப்புப் போட்டுடாதே அய்யா. உப்பு பன்னியிலேயே இருக்கு. மறுபடி போட்டா ரெண்டும் கெட்டுப்போகும்” என்பார்.

உப்புக் குழம்பு எளிது. ஹாம் எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்த சாற்றில், வெண்ணெயிற் சிவக்க வறுத்த மாவைக் கரைத்து மிளகு சேர்ப்பது. இனிப்புக் குழம்பிலேதான் அவருடைய கைவண்ணம் இருந்தது. சீமைப் பாணி டின் தீர்ந்துபோன ஒரு நாளில், கித்துள் பாணியோடு கடுகு விழுதும் வினாகிரியும் கலந்து வைத்தாராம். துரைக்கு அதுவே பிடித்துப்போயிற்று. பாணியை முன்னமே பூசினாற் கருகிவிடும். போறணையிலிருந்து எடுக்கச் சற்று முன்னர்தான் பூச வேண்டும். இதை எந்த நூலும் அவருக்குக் கற்பிக்கவில்லை. ஹில்டா டியூட்ரம் தொகுத்த ‘சிலோன் டெய்லி நியூஸ்’ சமையல் நூல் 1929இல் வெளிவந்தது. ஆங்கிலம் படித்த வீட்டாருக்கு அது துணை. அடுப்படியில் நின்றவருக்கு நாக்கும் மூக்குமே நூல்.

இந்தக் காய்கறிகளும் வந்தேறிகளே. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848இல் நுவரெலியாவிற் பண்ணை அமைத்துக் குடியேறினார். ஐரோப்பியக் காய்கறிகள் இம்மலைக் குளிரில் வேரூன்றின. 1884இல் இரயில் பாதை ஹட்டனை எட்டியதும் தேயிலை கீழே இறங்கிற்று, துரைமாரின் பண்டங்கள் மேலே ஏறின. இன்று போஞ்சியும் கோவாவும் லீக்ஸும் இம்மலைகளின் சொந்தப் பயிர்கள்போல் ஆகிவிட்டன. லயத்து ஓரத்துத் துண்டு நிலத்திலும் அவை விளைகின்றன.

துணியிற் பொதிந்து வந்த முதல் ஹாமைப் பிரித்தபோது தாத்தாவுக்கு வியப்பு ஏற்படவில்லை. “இது நம்ம உப்புக்கண்டந்தானே!” என்று நினைத்தாராம். காட்டுப்பன்றி அகப்பட்டால் எங்கள் லயத்தில் இறைச்சிக்கு உப்பும் மஞ்சளும் தடவி, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். உப்பு ஈரத்தை உறிஞ்சுகிறது, புகை காக்கிறது. இரண்டிடத்தும் வேலை செய்வது ஒரே இயற்கைதான். ஆனால் லயத்தில் அதை உண்டவன் ‘பன்றி தின்னி’. பங்களாவில் உண்டவன் கனவான். எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் தொழிலாளி வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்கமாட்டார். நத்தார் விருந்தில் துரை கையால் ஹாம் பெற்று உண்டதை மட்டும் ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பார்! நமது சாதி ஆசாரம் பன்றியைக் கண்டு அஞ்சவில்லை, பன்றியை வைத்திருந்த தட்டைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னது.

என் வகுப்பில் ஒரு மாணவனை மற்றொருவன் இதே சொல்லால் இழித்துரைத்தான். அன்று பாடத்தை நிறுத்திவிட்டுப் பெரும்பாணாற்றுப்படையை எடுத்தேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலிலே, ஆண் பன்றியைக் குழியில் நிறுத்தி, நெல் மாவு ஊட்டிப் பல நாள் கொழுக்கவைத்து, அதன் இறைச்சியைக் கள்ளோடு விருந்தாகப் படைக்கும் செய்தி வருகிறது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூலில் பன்றி விருந்துக்கு இழுக்கு இல்லை. பையன்கள் வியந்தார்கள். இழித்தவன் தலை குனிந்தான், இழிக்கப்பட்டவன், “சார், கறிக்கு மசாலா என்ன போட்டாங்க?” என்று கேட்டான்.

1973, 1974ஆம் ஆண்டுகளைத் தாத்தா அதிகம் பேசமாட்டார். மாவும் அரிசியும் அருகி, மலையகத் தோட்டங்களில் மனிதர் பட்டினியால் மாண்ட காலம் அது. பங்களாவில் லீக்ஸின் வெள்ளைத் தண்டு மட்டும் மேசைக்குப் போகும்; பச்சைத் தாள் குப்பைக்கு. அந்தத் தாள்களை மடியிற் கட்டிக்கொண்டு வந்து, உப்பும் மிளகாயும் போட்டு வதக்கி, ஐந்து பிள்ளைகளுக்குப் பங்கிட்டாள் என் பாட்டி. ஒரு நாள் காவற்காரன் மடியை அவிழ்க்கச் சொன்னான். குப்பைக்குப் போக வேண்டிய தாளுக்காக அவருக்கு இரண்டு நாட் சம்பளம் வெட்டப்பட்டது. அதைச் சொல்லும்போது மாத்திரம் அவர் குரல் உயரும். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரை போனார். பின்வாசல் போகவில்லை.

காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய பங்களாக்கள் சில இன்று உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன. அத்தகைய இடங்களில் ஒரு வேளை விருந்தின் விலை, கொழுந்து பறிப்பவளின் பல நாட் கூலி. நாட்சம்பளம் 1,000 ரூபா என்பது 2021 மார்ச்சிலேதான் சட்டபூர்வமாயிற்று என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளிற் சிலர் விடுதிக் குசினிகளிற் பணியாற்றுகின்றனர். அதை இழிவு என்று நான் சொல்லேன். தொழிலும் நல்லது, பண்டமும் நல்லது; போஞ்சியும் பன்றியும் எந்த வர்க்கத்தையும் சேர்ந்தவையல்ல. சமைத்தவனுக்குப் பெயரும் நியாயமான கூலியும் இல்லை என்பதே என் வழக்கு.

பத்தாம் வகுப்பு மாணவர்கள் இப்பொழுது ஓய்வுபெற்ற பங்களாச் சமையற்காரரைத் தேடிச் சென்று, அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே எழுதி வருகிறார்கள். அளவெல்லாம் சுண்டுக் கணக்கிலும் கைப்பிடிக் கணக்கிலும்தான். ஒரு முதியவர் மட்டும் வாய் திறக்க மறுத்துவிட்டார். தோட்டம் அவருடைய சேமலாப நிதிக்குப் பல ஆண்டுகள் பணமே செலுத்தவில்லையாம். “எங் காசு வரட்டும் தம்பி, கோழி ரோஸ்ட்டிலேருந்து புடிங்கு வரைக்கும் எல்லாஞ் சொல்றேன்” என்றாராம். அவருடைய சம்பளத் துண்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. சனிக்கிழமை நானும் இரண்டு மாணவரும் அவற்றை ஆண்டு வாரியாக அடுக்கி, தொழில் திணைக்களத்துக்கு விண்ணப்பம் எழுதப் போகிறோம்.