வீட்டில் காய்ச்சிய கோழி நூடில்ஸ் சூப்



போன வெள்ளிக்கிழமை நாங்கள் போட்ட சூப் கோப்பைப் படத்தைப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். கடையில் வாங்கவில்லை, வீட்டில் காய்ச்சியது. அதிலுள்ள நூடில்ஸும் எங்கள் குசினி மேசையில் வெட்டியதுதான். இன்பொக்ஸில் ஒவ்வொருவருக்காக எழுதிக் களைத்துப்போய் இங்கேயே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். படிப்பிக்கிற ஆட்கள் எழுதினால் அப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உம்மாவுக்காகத்தான் இதில் இறங்கினோம். எங்களில் ஒருவருக்கு உம்மா, மற்றவருக்கு மாமி. வயது 74. நெஞ்சுச்சளி கூடி எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர், வீட்டுக்கு வந்த பிறகும் சோற்றைத் தொடவில்லை. இடியப்பத்தைத் தள்ளி வைத்தார். கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டை தோளிலிருந்து வழிகிற அளவுக்கு மெலிந்துபோனார். டொக்டர் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். இறைச்சி, மீன், முட்டை என்று ஏதோ ஒரு வடிவத்தில் புரதம் உள்ளே போகவேண்டும். பிரஷர் இருப்பதால் உப்பைக் குறைக்கவேண்டும்.

சொந்தபந்தங்கள் நோய் விசாரிக்க வரும்போது அன்போடு சூப் பக்கற்றுகள் கொண்டுவந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பக்கற்றின் முன்பக்கம் சீனி, உப்பு, கொழுப்புக்கு அடித்திருக்கும் வட்டங்களை எத்தனை பேர் பார்க்கிறோம்? நாங்கள் எடுத்துப் பார்த்தவற்றில் உப்புக்குச் சிவப்பு. சூப் கட்டியும் அப்படித்தான், முக்கால்வாசி ருசி அதிலுள்ள உப்பின் ருசி. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிரஷர்காரருக்கு அதையும் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். உம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒரு மிடறு குடித்துவிட்டு, "என்ன புள்ள இது, கடல் தண்ணிய சூடாக்கித் தந்திரிக்கீங்களா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவர் சொன்ன முதல் நீளமான வசனம் அதுதான் என்பதால் எங்களுக்குச் சந்தோஷமும் வந்தது.

செய்முறைக்கு முன் ஒரு விஷயம். எங்கள் ஊர்களில் நோயாளிக்குக் கோழியை அவித்து, தண்ணீரை மட்டும் வடித்துக் கொடுத்துவிட்டு, சத்தெல்லாம் இதில் இறங்கிவிட்டது என்று சக்கையை ஒதுக்குகிற பழக்கம் இருக்கிறது. அப்படி இறங்குவதில்லை. தண்ணீரில் வருவது ருசியும், எலும்பு, தோல், மூட்டுகளிலிருந்து கரைகிற பசைத்தன்மையும், கொஞ்சம் தாதுக்களும்தான். புரதத்தின் பெரும்பங்கு இறைச்சியிலேயே நின்றுவிடுகிறது. மெல்ல முடியாத ஒருவருக்கு வெறும் சூப் தண்ணீரை ஒரு வாரம் கொடுத்துவிட்டு, தெம்பு வரவில்லையே என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. இறைச்சியும் முட்டையும் அந்தக் கோப்பைக்குள்ளேயே இருக்கவேண்டும், அவர் மெல்லாமலே விழுங்கக்கூடிய பதத்தில். நூடில்ஸை நாங்களே செய்ததும் இதற்காகத்தான். அதில் முட்டை போகிறது.

இனி வேலைக்கு வருவோம்.

கோழிக்கடையில் துண்டு போடும்போது கழுத்து, முதுகெலும்பு, கால் எல்லாவற்றையும் வேண்டாம் என்று விட்டுவிட்டு வருகிறோம். சூப்புக்கு வேண்டியது அதுதான். ஒரு கிலோ அளவுக்கு எடுத்தோம். கோழிக்காலைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்தால் மஞ்சள் தோல் உறைபோலக் கழன்று வரும். நகத்தைத் தறித்து எறிந்துவிடுங்கள். காலைப் பார்த்து மூத்த மகள் குசினியை விட்டே ஓடினாள். ஆனால் சூப்புக்கு உடம்பு கொடுப்பது அந்தக் கால்தான்.

எலும்புகளைப் பெரிய சட்டியில் போட்டு மூன்று லீட்டர் பச்சைத்தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். கொதிநீரில் போடாதீர்கள். பச்சைத்தண்ணீரிலிருந்து மெல்ல மெல்லச் சூடேறும்போதுதான் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை அகப்பையால் வழித்து எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். முதல் இருபது நிமிடம் சட்டியை விட்டு நகர முடியாது. நுரை நின்றதும் ஒரு வெங்காயம், நான்கைந்து பல் உள்ளி, பெருவிரல் அளவு இஞ்சி, ஒரு தேக்கரண்டி முழு மிளகு, சின்னத் துண்டு கறுவா, ஒரு துண்டு ரம்பை. அவ்வளவுதான். மஞ்சள் போடுவது உங்கள் விருப்பம். ரம்பை போட்டால் அது சூப்பா என்று கேட்பவர்களுக்கு நாங்கள் பதில் சொல்லப்போவதில்லை. எங்கள் வீட்டில் ரம்பை இல்லாத சட்டி அடுப்பில் ஏறாது.

பிறகு நெருப்பைத் தணித்துவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு தண்ணீரோடு கலந்து சூப் கலங்கிப்போகும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து உடைந்தால் போதும். அப்படி இரண்டரை மணி நேரம்.

கேஸ் விலைக்கு இது கட்டுமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 2022இல் கேஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது எங்கள் முற்றத்தில் ஒரு விறகடுப்புக் கட்டினோம். இன்னும் இருக்கிறது. சிரட்டையும் பொச்சும் தென்னம் மட்டையும் போட்டு முதல் கொதியை எடுத்துவிட்டு, தணலில் விட்டுவிட்டால் அது தன்பாட்டில் வேகும். உண்மையில் தணலில் வேகும் சூப்தான் தெளிவாக வருகிறது. நேரமில்லை என்று சொல்கிறவர்களுக்கும் இதுவே பதில். அந்த மூன்று மணி நேரத்தில் எங்கள் கை வேலை மொத்தம் முக்கால் மணிதான். மிச்ச நேரத்தில் எட்டாம் வகுப்பின் வினாத்தாள்கள் ஒரு கட்டு திருத்தி முடிந்தது. கொஞ்சம் புகை மணம் அந்தக் கட்டிலும் ஏறியிருக்கிறது, பிள்ளைகள் கண்டுபிடிப்பார்களோ தெரியாது.

நெஞ்சு இறைச்சி 300 கிராம் தனியாக எடுத்து வைத்திருந்தோம். கடைசி அரை மணி நேரத்தில்தான் அதைச் சட்டிக்குள் போட்டோம். ஆரம்பத்திலேயே போட்டால் நார் நாராகக் காய்ந்து தொண்டையில் அடைக்கும். நடுப்பகுதி வரை நன்றாக வெந்ததும் வெளியே எடுத்து, ஆறவிட்டு, நகத்தளவு மெல்லிய இழைகளாகக் கையால் பிய்த்தோம். உம்மாவுக்கு உரியதை இன்னும் சிறிதாக நறுக்கினோம்.

நூடில்ஸுக்கு 200 கிராம் கோதுமை மா, இரண்டு முட்டை. உப்பு இல்லை. ரொட்டிக்குக் குழைப்பதைவிட இறுக்கமாகக் குழையும். முதலில் உதிரும், கை விடாமல் பத்து நிமிடம் குழைத்தால் சேர்ந்துவிடும். பிறகு ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வையுங்கள். வைக்காவிட்டால் உருட்ட உருட்டச் சுருங்கும். பிள்ளைகள் ஒரு வெறும் போத்தலை எடுத்து மெல்லிசாக உருட்டினார்கள். மாவைத் தூவி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, கத்தியால் மெல்லிய கீலங்களாக வெட்டி உதிர்த்துவிட்டோம். சிலது நூல்போல, சிலது நாடாபோல இருந்தது. தனிச் சட்டியில் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் அவித்தால் போதும், உம்மாவுக்கு ஐந்து நிமிடம். சூப்புக்குள்ளேயே அவித்தால் மா கரைந்து கூழாகிவிடும். மிஞ்சியதையும் சூப்பில் ஊறவிடாதீர்கள், விடிந்து பார்த்தால் சூப் இருக்காது, நூடில்ஸ் மட்டும்தான் இருக்கும்.

சூப்பை வடித்து, கரட், லீக்ஸ், செலரி இலை சிறிதாக நறுக்கிப் போட்டுப் பத்து நிமிடம் வேகவிட்டோம். உப்பைக் கடைசியில்தான் போட்டோம், அதுவும் உம்மாவின் பங்கை எடுத்த பிறகு. அவருடைய கோப்பையில் ஒரு சிட்டிகையும், அரைத் தேசிக்காய்ப் புளியும், இடித்த மிளகும். புளி இருந்தால் உப்புக் குறைவு நாக்குக்குத் தெரிவதில்லை.

முதல் நாள் அரைக் கோப்பை குடித்தார். ஒரு சுகமும் சொல்லவில்லை, குற்றமும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் முழுக் கோப்பை, இறைச்சியோடு. நான்காம் நாள், மிளகு பத்தாது என்றார். சூப்தான் அவரைச் சுகப்படுத்தியது என்று நாங்கள் சொல்லமாட்டோம். டொக்டரின் மருந்து ஒழுங்காகப் போனது. டெங்குக்கு எலும்பு சூப், பிளேட்லட் ஏறும் என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியையும் தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். சாப்பாடு சாப்பாடு மட்டும்தான், ஆனால் அது உள்ளே போகவேண்டுமே.

இன்னொன்று. ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி, அயலவருக்கும் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரழி) அவர்களுக்குச் சொன்னதை நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம். தண்ணீரைத்தான் கூட்டச் சொன்னார்கள், கோழியை அல்ல. மூன்று லீட்டரோடு இன்னும் ஒரு லீட்டர் ஊற்றினோம். பின்வளவில் தனியாக இருக்கும் மூத்தம்மாவுக்கு ஒரு வாளி போனது. பிள்ளைகள் கட்டாரில். ஒருவருக்காக அடுப்பு மூட்டுவதா என்று பாணும் தேத்தண்ணியுமாக இருந்தவர். இப்போது சனிக்கிழமைகளில் வாளியைக் கழுவி வேலியில் கவிழ்த்து வைத்துவிடுகிறார்.

மிஞ்சினால் சுடச்சுட மூடி வைக்காமல் அகலமான பாத்திரத்தில் ஊற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். விடிய எடுத்துப் பார்த்தால் ஜெலிபோலக் கட்டியிருக்கும், பழுதாகிவிட்டது என்று ஊற்றிவிடாதீர்கள். அது கால் எலும்பின் வேலை. மேலே படிந்த கொழுப்பை வழித்துவிட்டு, தேவையானதை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்கவையுங்கள். மூன்று நாளைக்கு மேல் வைக்கவேண்டாம். நூடில்ஸ் சரியாக வராவிட்டால் படத்தோடு கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.