பொறிக்கு இலக்கணம் உரைத்தோர்

ஒரு மொழியிலுள்ள கருத்தைப் பிறிதொரு மொழிக்குக் கொண்டு சேர்த்தல் எளிய செயலன்று. சென்னையில் துறைமுகம் அமையாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு அணுகாது கடலிலேயே நின்றன. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து பொருள்களைக் கரைசேர்த்தன. இராயபுரத்திற் பிறந்து வளர்ந்த எமக்கு மொழிபெயர்ப்பு என்றவுடன் அப்படகுகளே நினைவிற்கு வருகின்றன. படகோட்டிக்குக் கடலும் தெரிதல் வேண்டும். கரையும் தெரிதல் வேண்டும். மொழிபெயர்ப்பென்னும் அப்படகினைப் பொறியொன்று செலுத்த இயலுமா என ஆராய்ந்த தமிழ்நாட்டு முயற்சியொன்றைப் பற்றி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

யாம் தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்தபொழுது எம் தெருவில் அதனை மெச்சியவர் மிகச் சிலரே. துறைமுகத்திற் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், "தம்பி, மணலியிலும் எண்ணூரிலும் இத்தனை தொழிற்சாலைகள் இருக்கத் தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று வினவினார். அவர் வினவியது ஏளனத்தாலன்று, அன்பினாலேயே. எம் கல்லூரிக் கட்டணம் போக எம் தந்தையார் கையில் எஞ்சுவது எவ்வளவு என்பதை அவர் அறிவார். அவ்வினாவிற்கு விடை தேடியபொழுதே இவ்வரலாறு எம் கண்ணிற்பட்டது.

1954ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7ஆம் நாள், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தாரும் ஐ.பி.எம். நிறுவனத்தாரும் நியூயார்க் நகரில் 60க்கு மேற்பட்ட ருஷிய வாக்கியங்களைக் கணிப்பொறியால் ஆங்கிலமாக்கிக் காட்டினர். அப்பொறி அறிந்த சொற்கள் 250, விதிகள் 6. சில ஆண்டுகளில் இக்கலை நிறைவுறும் எனப் பலரும் நம்பினர். ஆயின், பொறிவழி மொழிபெயர்ப்பு மக்கள் செய்வதினும் காலமும் பிழையும் பொருட்செலவும் மிக்கது என 1966இல் அமெரிக்க அறிஞர் குழுவொன்று அறிக்கையிடவே, அந்நாட்டில் ஊக்கம் குன்றிற்று.

அதன் பின்னரும் இத்துறையிற் புகத் துணிந்தது தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம். 1981இல் தோன்றிய அக்கழகம், முதல் துணைவேந்தர் வ. அய். சுப்பிரமணியம் அவர்கள் காலத்தில், 1983-84இல், ருஷிய அறிவியல் நூல்களைப் பொறிவழித் தமிழாக்கும் ஆராய்ச்சியைச் சோதனை முயற்சியாகத் தொடங்கிற்று. மொழியியலாரும் ருஷிய மொழி வல்லுநரும் கணிப்பொறி அறிஞரும் அதில் ஒருங்கு கூடினர். இரு மொழிகளின் சொல்லமைப்பும் தொடரமைப்பும் நடையும் முதற்கண் ஒப்பிட்டு ஆராயப்பட்டன. இம்முயற்சியைக் கே. சி. செல்லமுத்து அவர்கள் 2002இல் ஒரு கட்டுரை வாயிலாக விளக்கியுள்ளார்.

அவ்வொப்பீட்டின் அருமையை உணர விரும்பி, யாமும் ருஷிய இலக்கண நூலொன்றைப் புரட்டினோம். 'இது புத்தகம்' என நாம் வினைச்சொல்லின்றிக் கூறுவது போலவே ருஷியரும் கூறுவர். 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்னும் நம் வழக்கும் அவர் வழக்கிற்கு அணுக்கமானதே. இவ்விரண்டிடத்தும் ஆங்கிலம் வேறு வழியிற் செல்கின்றது. ஆயின், ருஷியத்தில் புத்தகம் பெண்பால்; மேசை ஆண்பால்; சன்னல் அவ்விரண்டும் அல்லாத பால். திணையறியாத பொறி புத்தகத்தை 'அவள்' என்றே சுட்டிவிடும். இனி, 'மரம்' ஐயுருபு ஏற்குங்கால் 'மரமை' ஆகாது 'மரத்தை' ஆதலையும், 'ஓடு' என்பது 'ஓடினான்' ஆகப் 'போடு' என்பது 'போட்டான்' ஆதலையும் அதற்கு எடுத்துரைத்தல் வேண்டும். எம் தெருக் குழந்தைகள் இவற்றைக் கேள்வியினாலேயே அறிவர். பொறிக்கோ அத்தகைய செவி இல்லை. ஆகவே, திணையும் சாரியையும் அங்கே பொறியின் உறுப்புகளாகவே ஆகிவிடுகின்றன.

இன்றைய பொறிகள் அவ்வழியை விட்டன. மக்கள் செய்த மொழிபெயர்ப்புகளைப் பெருந்திரளாகக் கற்று, அவற்றினின்றே மொழியியல்பை உய்த்துணர்கின்றன. கூகிள் மொழிபெயர்ப்பில் 2011இல் தமிழும் இடம்பெற்றது. "அங்ஙனமாயின் இலக்கணம் கற்றார்க்கு இனி வேலை யாது?" எனச் சிலர் வினவலாம். பொறிக்கென விதி எழுதும் பணி குறைந்தது உண்மையே, அதனை மறுக்கோம். எனினும், பொறி கற்பதற்குரிய நல்ல தமிழை எழுதி வைப்பவர் யாவர்? அது தரும் தொடர் மூலத்தின் பொருளை உரைக்கின்றதா எனத் தேர்ந்து காண்பவர் யாவர்? தொழிற்சாலையில் எச்சரிக்கை வாசகம் ஒன்று பிழைபட மொழிபெயர்க்கப்படின், அதற்கு விலை கொடுப்பவன் அதனை நம்பி உள்ளே சென்ற தொழிலாளியே அன்றோ? அவன் எம் தெருவினன், எம் உறவினன்.

தமிழ் கற்றாரும் கணிப்பொறி கற்றாரும் ஒருங்கிருந்து உழைத்தல் கூடும் என்பதே தஞ்சை முயற்சியினின்று யாம் பெற்ற பாடம். வரும் விடுமுறையில் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உள்ள தொழிலாளர் தம் கருவிகளுக்கும் இடர்களுக்கும் வழங்கும் சொற்களைத் தொகுக்க எண்ணியுள்ளோம். கணிப்பொறித் துறை நண்பர் இருவர் உடன்வர இசைந்துள்ளனர். அப்பகுதியினின்று வரும் மாணவ அன்பர்களும் தத்தம் இல்லங்களிற் கேட்ட சொற்களை எமக்கு எழுதித் தந்து உதவுவாராக.