முப்பது நொடிச் செக்கு

எண்ணெய் வாங்க வருகிறவர்கள் யாரும் வெறுமனே பாட்டிலைப் பார்த்து வாங்குவதில்லை. மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோவார்கள். சிலர் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, மோந்து பார்த்து, அதற்கப்புறம்தான் "ஒரு லிட்டர் ஊத்துங்க" என்பார்கள். காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு வைத்துப் பிழைக்கிற எங்களுக்கு அந்த மூக்குதான் முதலாளி. வாசனை ஏறாத ஒரு கண்ணாடித் திரையில் எண்ணெயை எப்படி விற்பது? கடைக்கு ரீல்ஸ் போடச் சொல்லித் தம்பி மகன் நச்சரிக்கத் தொடங்கியதும் எனக்கு வந்த முதல் சந்தேகம் அது.

"எல்லாரும் போடறாங்க அத்தை. நீங்க மட்டும்தான் போர்டு எழுதி மாட்டிட்டு உக்காந்திருக்கீங்க" என்றான்.

எல்லாரும் போடுகிறார்கள், வாஸ்தவம்தான். ராத்திரி கடை சாத்தியபிறகு படுத்துக்கொண்டே விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தொழில் செய்கிறவர்கள் போடுவதில் முக்கால்வாசி ஒரே வார்ப்பு. கடை முகப்பு, ஒரு சினிமாப் பாட்டு, "வணக்கம் மக்களே", சரக்கின் மேல் கேமரா ஒரு ஓட்டம், கடைசியில் "விலைக்கு மெசேஜ் பண்ணுங்க". அதில் கடைக்காரரும் இல்லை, சரக்கும் இல்லை. இன்னொரு பக்கம் வில்லேஜ் குக்கிங் சேனல். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துத் தாத்தாவும் பேரன்களும் 2018இல் தொடங்கி, 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டுவிட்டார்கள். அதைக் காட்டித்தான் நம் ஊர்ப் பையன்கள் ஆசை காட்டுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு வீடியோதான் சரக்கு. எனக்கு எண்ணெய்தான் சரக்கு. ஒரு கோடிப் பேர் பார்த்து நான் என்ன செய்ய? செக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆட்டுமோ அவ்வளவுதான் விற்க முடியும். தாராபுரம், வெள்ளகோவில், ஈரோடு என்று கைக்கெட்டும் தூரத்தில் சில நூறு வீடுகள் பார்த்தால் போதும். இதைத் தெளிவாக மனசில் வைத்துக்கொண்டதும் பாதிப் பயம் போய்விட்டது. ஆடத் தெரிய வேண்டாம், பாடத் தெரிய வேண்டாம், சிரிக்க வைக்கவும் வேண்டாம்.

எதைப் பேசுவது என்பதற்கும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் வருஷக்கணக்காக அதே நாலைந்து கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். "ஏனுங்க, சூப்பர் மார்க்கெட்ல இதைவிடக் கம்மியா இருக்குதே?" "அடியில கசடு நிக்குதே, ஏதாச்சும் கலந்திருக்குமுங்களா?" "நல்லெண்ணெய் லேசா இனிக்குதே?" "பலகாரம் சுட்டா நுரை கட்டுதே?" ஒவ்வொன்றுக்கும் கல்லாவில் உட்கார்ந்தபடி ஆயிரம் தடவை பதில் சொல்லியாகிவிட்டது. அந்தப் பதிலை ஆளைப் பார்த்துச் சொல்வதற்குப் பதில் போனைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவே. புதிதாகத் தொழில் வீடியோ எடுக்க நினைக்கிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், மைக், விளக்கு என்று கடை கடையாக அலையாமல், ஒரு வாரம் தங்கள் வாடிக்கையாளர் கேட்பதைக் காதுகொடுத்துக் கேட்டுக் குறித்துவைக்கச் சொல்வேன்.

முதல் கேள்வி விலை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமாராக இரண்டரைக் கிலோ பருப்பு போகும். பருப்பின் தரத்தையும் ஈரத்தையும் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். இதைச் சொல்லாமல் காட்டலாம் என்று தீர்மானித்தோம்: தராசில் பருப்பு, அடுத்துச் செக்கு, அடுத்து லிட்டர் அளவையில் எண்ணெய்.

எண்ணெய்க்கடையில் போன் கேமராவுக்கு முதல் எதிரி எண்ணெய்தான். எவ்வளவு கழுவினாலும் விரலில் ஒரு பிசுக்கு இருக்கும். அது லென்ஸில் படிந்து, எடுத்த படமெல்லாம் மார்கழிப் பனியில் எடுத்ததாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் துடைக்க ஒரு பழைய பருத்தித் துணியை ஆணியில் மாட்டிவைத்திருக்கிறோம். தகரக் கொட்டகைக்குள் வெளிச்சம் போதாது என்பதால் காலையில் வாசல் வழியாக வெயில் சாய்வாக உள்ளே விழுகிற நேரம்தான் எங்களுக்குப் படப்பிடிப்பு. போனைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், ஒன்பதுக்குப் பதினாறு என்பது அளவு. மோட்டார் ஓடும்போது பேசினால் ஒரு எழுத்தும் கேட்காது. அதனால் பேச்சைத் தனியாகப் பதிந்து, செக்கின் சத்தத்தைத் தணித்து அடியில் ஓடவிடுகிறோம். பேசுவதை எழுத்தாகவும் கீழே போட்டுவிட வேண்டும். பஸ்ஸில் போகிறவர்கள் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

வணக்கம் சொல்லித் தொடங்குவதை மட்டும் விட எனக்கு மனசே வரவில்லை. கடைக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் எப்படி? ஆனால் பையன் சொன்னதில் நியாயம் இருந்தது. பார்க்கிறவர் வாசலில் வந்து நிற்கவில்லை, ஓடுகிற வண்டியிலிருந்து எட்டிப் பார்க்கிறார். முதல் இரண்டு நொடியில் கண்ணில் ஏதாவது படாவிட்டால் விரல் தள்ளிவிடும். எனவே பருப்பு தராசுத் தட்டில் கொட்டுகிற சத்தத்தோடு தொடங்கினோம். வணக்கத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டோம்.

செக்கு ஓடுவதைப் பார்த்திருப்பீர்களோ என்னவோ. உரலில் விழுந்த பருப்பு கொஞ்ச நேரம் வெறுமனே நொறுங்கும், அப்புறம் மாவாகும். கையளவு தண்ணீர் தெளித்ததும் அந்த மாவு இறுகி, உரலின் சுவரைப் பற்றிக்கொண்டு மேலேறும். வாகைமர உலக்கை சுற்றிச் சுற்றி அழுத்த, முதலில் ஒரு பளபளப்பு மட்டும் தெரியும். எண்ணெய் எப்போது பிரிந்தது என்று கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாலும் சொல்ல முடியாது. திடீரென்று கீழே கலங்கலாக ஒழுகத் தொடங்கியிருக்கும். முக்கால் மணி நேரத்து வேலை. அதை முப்பது நொடிக்குள் அடக்க வேண்டும்.

வெட்டுகிற இடத்தில்தான் எனக்கும் பையனுக்கும் முதல் சண்டை. அவன் செக்கிலிருந்து ஒழுகும் எண்ணெயைக் காட்டி, அடுத்த நொடியே பாட்டிலில் தங்க நிறத்தில் தெளிந்த எண்ணெயைக் காட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளியவிட்டது எங்கே போயிற்று? இதைப் பார்த்துவிட்டு வருகிறவர், செக்கிலிருந்து நேரே பிடித்துக் கொடு என்பார். கலங்கலாக இருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பார். அப்புறம் பாட்டிலின் அடியில் படிகிற கசடைக் கலப்படம் என்பார். எந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வீடியோ எடுக்கிறோமோ அதையே வீடியோ உண்டாக்கிவிடும். ஒரு பொய்யும் பேசாமல், இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியே பொய் சொல்லிவிடலாம் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. "ரெண்டு நொடி போனாப் போகட்டும், மூணு நாள் தெளியவச்சதுன்னு எழுத்துல போடு" என்றேன். போட்டான், முனகிக்கொண்டே.

சினிமாவின் ஆரம்பமே இந்த மாதிரி ஒரு தொழில் வீடியோதான் என்று எப்போதோ படித்தது அப்போது ஞாபகம் வந்தது. 1895இல் பிரான்சின் லியோன் நகரில் லூமியேர் சகோதரர்கள் தங்கள் சொந்தத் தொழிற்சாலை வாசலில் கேமராவை வைத்து, வேலை முடிந்து தொழிலாளர்கள் வெளியே வருவதைப் படமெடுத்தார்கள். புகைப்படத் தகடு தயாரிக்கிற தொழிற்சாலை அது. படச்சுருளின் நீளமே 17 மீட்டர்தான் என்பதால் ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். அந்த வருஷம் டிசம்பர் 28 அன்று பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு காட்டிய பத்துப் படங்களில் இதுதான் முதல். இந்தப் படத்துக்கு மூன்று பதிப்புகள் உண்டு என்பதுதான் எனக்கு ருசியான சேதி. ஒன்றில் வண்டியை ஒரு குதிரை இழுக்கும், ஒன்றில் இரண்டு குதிரை, இன்னொன்றில் குதிரையே கிடையாது. அப்படியானால் முதலாளி "மறுபடியும் ஒருக்கா வெளிய வாங்க" என்று வேலையாட்களிடம் சொல்லியிருக்கத்தானே வேண்டும்? அவர்களுக்கு அதில் இஷ்டமா என்று யார் கேட்டார்களோ.

எங்களிடம் பருப்புப் பொறுக்குகிற அக்காவிடம் கேட்டேன். "மூஞ்சி வேண்டாங் கண்ணு. மருமவன் வீட்ல பாத்தா ஒரு மாதிரியா இருக்கும். கைய வேணா எடுத்துக்க" என்றார். கையை மட்டும் எடுத்தோம். முறத்தில் பருப்பைப் பரப்பி, சுருங்கினதையும் கறுத்ததையும் பூஞ்சை பிடித்ததையும் அந்த விரல்கள் தள்ளுகிற வேகம் போனுக்கே பிடிபடவில்லை, கொஞ்சம் மங்கலாகத்தான் விழுந்தது. நாங்கள் போட்டதிலேயே அதிகம் பேர் நின்று பார்த்தது அந்தக் கைகளைத்தான். அக்காவிடம் காட்டியபோது ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வளையல் நல்லா தெரியுது" என்றார். வீடியோ என் கடைக்கு. அவருக்கு அதில் கூலி கூடவில்லை. வேலையாளைப் படமெடுத்து விளம்பரம் செய்கிறவர்கள் கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

விலையை வீடியோவில் சொல்லலாமா என்பது வியாபாரிகளுக்குள் பெரிய வழக்கு. பக்கத்துச் செக்குக்காரருக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். அவருக்குத் தெரியாதா என்ன? நான் பருப்பு வாங்குகிற அதே மண்டியில்தான் அவரும் வாங்குகிறார். விலையை மறைத்துவைத்து மெசேஜ் பண்ணச் சொல்வது வாங்க வந்தவரைத் திண்ணையில் காக்கவைப்பதற்குச் சமம். ஆனால் கடலை விலை இந்த வாரம் இருப்பது அடுத்த வாரம் இருக்காது என்பதும் உண்மை. எடுத்த வீடியோவைத் திருத்த முடியாது. கீழே எழுதுகிற குறிப்பை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஆகவே இரண்டரைக் கிலோ கணக்கு வீடியோவில் இருக்கும், அன்றைய விலை குறிப்பில் இருக்கும்.

இன்னொரு விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். செக்கு எண்ணெய் சர்க்கரையைக் குணமாக்கும், முட்டிவலியைப் போக்கும் என்று அடித்துவிடுகிற வீடியோக்கள் ஏராளம். அவற்றுக்குக் கூட்டமும் சேர்கிறது. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்து மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டமே தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும், நம்பி மாத்திரையை நிறுத்தினவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? எங்கள் வீடியோவில் பாட்டிலில் இருக்கிற 14 இலக்க உணவு உரிம எண் தெரியும். வைத்தியம் இருக்காது. சினிமாப் பாட்டும் இருக்காது. வணிகக் கணக்கு என்று மாற்றிக்கொண்டால் இன்ஸ்டாகிராமில் பிரபலமான பாட்டுகள் பெரும்பாலும் கிடைப்பதில்லை, கடைக்கு விளம்பரமாக அவற்றைப் பயன்படுத்துவது உரிமைச் சிக்கலும்கூட. உலக்கை முனகுகிற சத்தத்துக்கு யாரும் உரிமை கேட்டு வர மாட்டார்கள்.

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசு தடை செய்தபோது, அதிலேயே வாடிக்கை பிடித்து வைத்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் இழந்தார்கள். ஜூலையில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸை இந்தியாவில்தான் முதலில் விட்டார்கள். இவையும் நாளைக்கே மாறலாம். வாடகை வீட்டுக் கொல்லையில் மாமரம் வைக்கிற கதைதான். வீடியோ பார்த்துவிட்டுக் கூப்பிடுகிற ஒவ்வொருவரின் பெயர், ஊர், மாதம் எத்தனை லிட்டர் என்பதை நீளநோட்டில் எழுதிவைக்கிறேன். பையன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

கூப்பிடுகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணெய் கேட்டு வருவார்கள் என்று காத்திருந்தோம், வந்தார்கள். ஆனால் அவர்களுக்கு முந்திக்கொண்டது வேறு கூட்டம். செக்குக்குப் பின்னால் சுவரோரமாகக் குவிந்து கிடந்த கடலைப் புண்ணாக்கை யாரும் படமெடுக்க நினைக்கவில்லை, தானாக விழுந்துவிட்டது. மாடு வைத்திருப்பவர்களின் கண் அங்கேதான் போயிருக்கிறது. "எண்ணெய் இருக்கட்டுமுங்க, பின்னால கிடக்குற புண்ணாக்கு என்ன விலை?" என்று சென்னிமலையிலிருந்து ஒருவர், ஊதியூரிலிருந்து ஒருவர். மிஷின் புண்ணாக்கைவிடச் செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும், அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இப்போது ஆட்டி முடிப்பதற்குள் புண்ணாக்குக்குச் சொல்லிவைத்துவிடுகிறார்கள். அடுத்த வீடியோ அதற்குத்தான். மூட்டைக் கணக்கில் கொடுப்பதா, கிலோக் கணக்கில் கொடுப்பதா என்று நானும் வீட்டுக்காரரும் இன்னும் பேசி முடிக்கவில்லை.