திருமணமான மகளின் பெயர் யாருடைய அட்டையில்?

நிகாஹ்வும் வலீமாவும் நிறைவுற்ற சில வாரங்களில், கச்சிராயபாளையத்தில் நம்மிடம் ஓதும் பிள்ளைகளின் பெற்றோர் குடும்ப அட்டை பற்றிய ஐயத்தோடு வருவதுண்டு. "மகள் பெயர் எங்கள் அட்டையிலேயே இருக்கட்டுமே ஹஜ்ரத், யாருக்கு என்ன நட்டம்?" என்பர்.

முன்னுரிமை அட்டைக்கு, 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆளொன்றுக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. மகள் சங்கராபுரத்தில் உண்ண, அவளுக்குரிய அரிசி இங்கே வேகுமானால் அந்த அமானத் உரிய இடம் சேரவில்லை.

அதனினும் பெரிய நட்டம் அப்பெண்ணுக்கே. ஆதார் இணைக்கப்பட்டிருப்பதால் ஒருவர் பெயர் இரண்டு அட்டைகளில் இடம்பெறாது. பெற்றோர் நீக்காதவரை கணவன் வீட்டு அட்டையில் அவளைச் சேர்க்க இயலாது; தனிக்குடித்தனம் சென்ற தம்பதி புதிய அட்டைக்கும் விண்ணப்பிக்க இயலாது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய். அது ஓர் அட்டைக்கு ஒரு பெண்ணுக்கே. தனி அட்டை இல்லாத இளம் மனைவி, 21 வயது நிறைந்திருந்தாலும், தகுதியுள்ள குடும்பத் தலைவியாக விண்ணப்பிக்க வழியில்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் கணவனோடு சேரவும் குடும்ப அட்டையைத்தான் கேட்கிறார்கள்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மணமக்கள் கூட்டாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால், பெரும்பாலும் பெற்றோர் அப்பிள்ளையைத் தம்மைச் சார்ந்தவராகக் காட்ட முடியாது. நம் நாட்டிலோ கணவனும் மனைவியும் தனித்தனியே கணக்குக் காட்டுகின்றனர். ஆகவே 'இவள் எந்த வீட்டைச் சேர்ந்தவள்' என்ற கேள்வி வரி அலுவலகத்தில் எழாமல் ரேஷன் கடையில் எழுகிறது.

பெற்றோர் தயங்குவது பேராசையால் மட்டுமன்று. பெயரை நீக்குவது மகளையே நீக்குவதாகத் தாயின் உள்ளம் பதைக்கிறது. மணவாழ்வு நிலைபெறட்டும், பிறகு பார்க்கலாம் என்ற அச்சமும் உண்டு. அதை நாம் பழிக்கவில்லை. ஆயினும் அட்டையில் பெயர் இல்லாததால் மகள் வாரிசு உரிமையை இழப்பதில்லை. அன்னிஸா அத்தியாயம் வகுத்த பங்கை எந்த அலுவலரும் அழிக்க முடியாது. அட்டையில் தங்கையின் பெயரை விடாமல் பிடித்துக்கொள்ளும் அண்ணன்மார் சிலர், அத்தாவின் நிலத்தில் அவளுக்குள்ள பங்கைக் கொடுப்பதில் அதே ஊக்கத்தைக் காட்டுவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. பள்ளிவாசல் நிகாஹ் பதிவேட்டோடு நின்றுவிடாமல், 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பின்னர் உணவு வழங்கல் துறையின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ பெயர் நீக்கத்துக்கு விண்ணப்பிக்கலாம். நீக்கச் சான்று கிடைத்ததும் பெட்டியில் பூட்டி வைக்காமல் மகளிடம் கொடுத்தனுப்புங்கள். அடுத்த விண்ணப்பத்துக்கு அவளுக்கு அது வேண்டும்.